பெற்றோல் குடித்த காரும் கிடாரத்து மூடியும்

நெல்லியடிச் சந்தியில் மார்க்கண்டுவின் காரைத் தெரியாதவர்கள் குறைவு. அரிசிமாவைக் கரைத்துப் பூசியது போன்ற வெள்ளை நிறம், வட்டக் கண்கள், முன்னால் வெள்ளிப் பல்வரிசை. பழைய ஒஸ்ரின். எத்தனையோ மாப்பிள்ளைகளும் பொம்பிளைகளும் அதில் ஏறித்தான் கோயிலுக்குப் போனார்கள். அதைத் துடைக்க மார்க்கண்டு மூன்று துணி வைத்திருந்தார். கண்ணாடிக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, நிலத்தில் உருளும் சில்லுக்கு ஒன்று. சில்லுத் துணி தவறி உடம்பில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்ட மனிதர், அந்தக் கார் எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது என்று மட்டும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. வயதுபோன கார் குடிக்கத்தானே செய்யும் என்று விட்டிருந்தார். வாடகைக்கு, ஹயருக்குப் பிடித்தவர்கள் பெற்றோல் அடித்துத் தந்தார்கள், கார் குடித்தது, கதை அவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டில் அந்தக் கதை மாறிவிட்டது.

அந்த வருடம் சித்திரையில் மார்க்கண்டுவின் மனைவி பாலேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் நடக்கவில்லை. “வாயைத் தொட வந்த வாதம் என்ரை வாயைக் கண்டு பயந்து ஓடிட்டுது” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கை மெல்ல மெல்ல எழும்பியது. கால் எழும்பவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நிவேதனா என்ற பிள்ளை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

“அம்மா, கிழமைக்கு ரெண்டு நாள் வந்தீங்களெண்டால் இந்த வருசம் முடிய முந்தி உங்களை நான் நடக்க வைப்பன். ஒருநாள் மட்டும் வந்தால் பிடிச்ச பிடி விட்டுப்போகும். பிறகு கால் அப்பிடியே இறுகிப்போடும்.”

இரண்டு நாள் போவது முந்தியென்றால் ஒரு பெரிய காரியமா? ஆனால் அப்போது நாட்டில் பெற்றோல் இல்லை. கைபேசியில் கட்டம் கட்டமான படத்தைக் காட்டினால் காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் தருவார்கள். அதற்கு மேலே ஒரு துளியும் இல்லை. ஓட்டோக்காரருக்கு ஐந்து லீற்றர். அதில் யாழ்ப்பாணத்துக்கு ஹயர் வர யாரும் தயாரில்லை. பஸ்ஸில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கினார்கள். கால் விழுந்த மனிசியை அதில் எப்படி ஏற்றுவது? நெல்லியடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர அறுபது கிலோமீற்றர் வரும். இரண்டாவது பயணத்தில் திரும்பி வரும்போது கோப்பாயில் கார் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. தாங்கியில் பெற்றோல் இல்லை. பாலேஸ்வரி வெயிலில் காருக்குள் இருக்க, மார்க்கண்டு தெரிந்தவர் வீடுகளின் படலையைத் தட்டி ஒரு போத்தல் இரந்து வாங்கினார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள்தான் போனார்கள். பாலேஸ்வரியின் கால்விரல்கள் திரும்பவும் உள்ளே மடங்கத் தொடங்கின.

அப்போதுதான் மார்க்கண்டு காரை அளந்தார். தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றினார். ஒரு லீற்றர் பெற்றோல் விட்ட போத்தலைப் பொனற்றுக்கு உள்ளே கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைப் பொருத்தினார். சந்தியிலிருந்து யாழ்ப்பாண றோட்டால் ஓடினார். வல்லைவெளி கண்ணில் படமுன்னமே போத்தல் வற்றிக் கார் நின்றது. ஐந்து கிலோமீற்றர்கூட முழுசாக ஓடவில்லை. மார்க்கண்டு இறங்கிப் பொனற்றைத் திறந்து, வெறும் போத்தலை ஆட்டிப் பார்த்தார். பிறகு உடம்புத் துணியை எடுத்து, பெற்றோல் சிந்திய இடத்தைத் துடைத்தார். சில்லுத் துணியை எடுத்திருக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் சுபாஸ் நாற்பதைத் தாண்டியவன். கை சுத்தம், வாய் நீளம்.

“அண்ணை, உங்கடை கார் குடிக்கேல்லை, குளிக்குது” என்றான்.

“பகிடியை விட்டிட்டுப் பார் தம்பி. மனிசியின்ரை கால் உதிலைதான் கிடக்குது.”

சுபாஸ் பகிடியை விட்டான். முதலில் ரயர்களின் காற்றைப் பார்த்தான், நாலிலும் குறைவு. பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்திக் கையால் சில்லைச் சுழற்றினான். அது அரைச் சுற்றில் நின்றது.

“பிறேக் விடேல்லை அண்ணை. இத்தனை வருசமும் நீங்கள் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு ஓடியிருக்கிறியள்.”

அதைச் சரிசெய்தார்கள். பிளக்குகள் கரிச்சட்டியின் அடி போலக் கறுத்திருந்தன, மாற்றினார்கள். காபரேற்றரைக் கழுவி, தேய்ந்த ஊசியை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாக நன்றி சொன்னது. போத்தலைக் கட்டிக்கொண்டு ஓடியபோது வல்லைவெளி கண்ணில் பட்டது. ஆனால் வெளிக்குள் இருக்கும் பாலம் தெரியவில்லை. மார்க்கண்டு மனத்துக்குள் கணக்குப் போட்டார். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினால்தான் இரண்டு பயணம். இன்னமும் போதாது.

“இனி எனக்குத் தெரியேல்லை அண்ணை” என்றான் சுபாஸ்.

“பொறு. செல்வனைக் கேப்பம்.”

செல்வன் என்பது அருட்செல்வன். மார்க்கண்டுவின் ஒரே தம்பி. இருபத்தைந்து வருடமாகக் கனடாவில் இருக்கிறான். அங்கே மீனை உறையவைத்து அடுக்கும் ஒரு பெரிய குளிரறையில் வேலை. இங்கே மாலை வெயில் சாயும் நேரம் அவன் அங்கே எழும்பித் தேத்தண்ணி குடிப்பான். நாட்டைவிட்டுப் போன பிறகு ஒரு என்ஜினையும் தொட்டதில்லை. ஆனாலும் மார்க்கண்டுவுக்கு உலகத்தில் ஒரே ஒரு மெக்கானிக்தான்.

அவர்களின் தகப்பன் தம்பிஐயா வேளைக்கே கண்ணை மூடிவிட்டார். மார்க்கண்டு எட்டாம் வகுப்போடு படிப்பை நிற்பாட்டி லொறியில் கிளீனராக ஏறினார். தம்பி அவரைவிட ஒன்பது வயது இளையவன். அவனாவது படிக்கவேண்டும் என்பது எண்ணம். தம்பி கல்லூரிக்குப் போனான். ஆனால் மணியடித்த பிறகு வீட்டுக்கு வரவில்லை. சந்தைக்குப் பக்கத்துக் கராஜில் நிற்கிறான் என்று யாரோ சொன்னார்கள். காதைப் பிடித்து இழுத்துவருவதென்று மார்க்கண்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். அங்கே பொனற்றைத் திறந்த ஒரு கார். வெள்ளைக் காற்சட்டையோடு செல்வன் ஒரு பூவரசந் தடியின் ஒரு நுனியை ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் வைத்து, மறு நுனியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றான். கராஜிலிருந்த பெரிய ஆட்கள் இரண்டுபேர் வேலையை விட்டுவிட்டு, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். “மூண்டாவது” என்றான் அவன். மூன்றாவது சிலிண்டரைக் கழற்றினார்கள். அதில்தான் பிழை. மார்க்கண்டு கூப்பிடாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து லொறியில் போகிற ஊரெல்லாம் அவருக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது.

பிறகு போரோடு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் இல்லாத காலம். ஊசிமருந்துக் குழாயில் சொட்டுப் பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் பீச்சி என்ஜினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கார் போன பிறகும் ஒழுங்கையில் மணம் நிற்கும். அந்த மணம் இன்றைக்கும் எங்கிருந்தாவது வந்தால் மார்க்கண்டு தன்னையறியாமல் திரும்பிப் பார்ப்பார், செல்வன் எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று. மண்ணெண்ணெய்க்கு என்ஜினின் அமுக்கம் ஆகாது. அமுக்கம் கூடினால் உள்ளே சுத்தியலால் அடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். அதனால் என்ஜினின் தலையைக் கழற்றி, அதன் கீழே ஒரு தகட்டைக் கூட்டி வைத்து உயர்த்தி, அமுக்கத்தைக் குறைத்துவிடுவார்கள். தகடு வெட்டுவதற்கு வடமராட்சியில் செல்வனுக்கு மிஞ்சின கை இல்லை. பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகு ஆட்கள் அந்தத் தகடுகளைக் கழற்றி எறிந்தார்கள். இப்போதும் இங்கே பழைய கார் வாங்குகிறவன் கேட்கும் முதல் கேள்வி, “மண்ணெண்ணெயிலை ஓடினதோ?”

மார்க்கண்டுவும் கேட்டுத்தான் வாங்கினார். விற்றது வட்டுக்கோட்டையில் ஒரு மனிசி, தகப்பனின் கார். “எங்கடை அப்பா உயிரோடை இருக்குமட்டும் உதுக்கு மண்ணெண்ணெய்ப் போத்தலைக்கூடக் காட்டினதில்லை” என்று தலையில் கைவைத்துச் சொன்னாள். அந்தச் சொல்லுக்காகவே மார்க்கண்டு காரை வாங்கினார். கறுப்பாக இருந்ததைக் கலியாண ஹயருக்கென்று வெள்ளையாக்கினார்.

அன்று மாலை கைபேசித் திரையில் கம்பளிச் சட்டையோடு செல்வன் தெரிந்தான்.

“அண்ணை, போனை என்ஜினுக்குக் கிட்டப் பிடியுங்கோ. முகத்தைக் காட்டாதையுங்கோ, உங்கடை முகம் எனக்குத் தெரியும்.”

மார்க்கண்டு பிடித்தார். செல்வன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“சூடு காட்டிற முள்ளு எங்கை நிக்குது?”

“கீழைதான் நிக்கும். வலு குளிர்மையா ஓடுற கார்” என்றார் மார்க்கண்டு பெருமையாக.

“அது பெருமையில்லை அண்ணை. ஆரோ தேமோஸ்ராற்றைக் கழட்டி எறிஞ்சிட்டாங்கள். என்ஜின் சூடேறாட்டில் குடிக்கத்தான் செய்யும்.”

சுபாஸ் திறந்து பார்த்தான். உண்மைதான், தேமோஸ்ராற் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. உடைந்து கிடந்த இன்னொரு காரிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டான். அன்றைய போத்தல் வல்லைப் பாலத்துக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் முடிந்தது. இன்னமும் போதாது.

அடுத்தநாள் செல்வன் அமுக்கம் பார்க்கச் சொன்னான். சுபாஸ் மீற்றரை ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்துப் பார்த்தான்.

“நாலும் குறையுது. றிங் தேஞ்சிட்டுது அண்ணை. என்ஜின் முழுக்க இறக்கவேணும். சாமான் இப்ப எங்கையும் வராது.”

மார்க்கண்டுவின் முகம் விழுந்துவிட்டது. போனுக்குள்ளிருந்து செல்வன் கேட்டான்.

“நாலும் எவ்வளவு குறையுது?”

“எல்லாம் ஒரே அளவு.”

“சுபாஸ், நாலு பிள்ளையளுக்கும் ஒரே நாளிலை ஒரே அளவு காய்ச்சல் வருமோ? தேஞ்சதெண்டால் ஒண்டு கூடத் தேயும், ஒண்டு குறையத் தேயும். உது வேறை விசயம். உது மண்ணெண்ணெய்க் காரோ அண்ணை?”

“சீச்சீ! மண்ணெண்ணெய் மணமே தெரியாத கார்.”

“அப்ப எனக்கும் விளங்கேல்லை. ஹெட்டைத் திறந்து பாருங்கோ.”

என்ஜினின் தலையைத் திறப்பது லேசான முடிவில்லை. திறந்தால் இடையில் கசியாமல் அடைக்கும் பழைய காஸ்கட் கிழிந்துபோகும். புதியது இல்லாமல் மூடமுடியாது. கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராத நேரம். ஆனால் மார்க்கண்டு கார் வாங்கிய கையோடு ஒரு புதுக் காஸ்கட்டை வாங்கி, பேப்பரில் சுற்றி, அறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். பதினொரு வருடமாக அது அங்கே பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. அவர் அதை எடுத்ததும் கட்டிலில் இருந்த பாலேஸ்வரி கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, காரைத் திறந்துபோட்டு மூடேலாமல் நிண்டால் நான் வெள்ளிக்கிழமை எப்பிடிப் போறது?”

“மூடுவம்.”

“உங்கடை வீட்டு ஆக்களோடை மூடி விசயம் கதைக்கேலாது, ஐயா.”

மார்க்கண்டு காஸ்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வீட்டில் மூடி என்று யார் சொன்னாலும் அது ஒரே மூடிதான்.

மார்க்கண்டுவின் தாய் கமலாவதி சீதனமாகக் கொண்டுவந்த செம்புக் கிடாரம் ஒன்று இருந்தது. இரண்டுபேர் பிடித்துத் தூக்கவேண்டும். அதற்குத் தடித்த, தட்டையான செம்பு மூடி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு போரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்தபோது, அளவெட்டியிலிருந்து பாலேஸ்வரியின் குடும்பம் வந்து கமலாவதியின் வீட்டில்தான் தங்கியது. ஒரே கிடாரத்தில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார்கள். அடுத்த வருடம் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன நாட்களில் மூடியைக் காணவில்லை. கமலாவதி கிணற்றடி, வீட்டுப் பின்கோடி, மாட்டுக்கொட்டில் எல்லாம் தேடினாள். அப்போது யாரையும் குறை சொல்லவில்லை. மார்க்கண்டு அளவெட்டிப் பெட்டையைத்தான் முடிப்பேன் என்று நின்றபோதுதான் மூடியை யார் எடுத்தது என்று அவளுக்குத் திடீரென்று தெரியவந்தது.

கலியாணம் நடந்தது. ஆனால் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு திவசத்துக்கும் கிடாரம் வெளியே வரும்போது கமலாவதி பெரிய குரலில் சொல்லுவாள்: “பலகையைப் போட்டு மூடுங்கோ பிள்ளையள். மூடி அளவெட்டியிலை கிடக்குது.” கூடியிருக்கிற பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். பாலேஸ்வரி பலகையை எடுத்துக்கொண்டு வந்து மூடுவாள். மார்க்கண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். கமலாவதி சாகிற வரைக்கும் இது நடந்தது. கடைசி மாதங்களில் மாமியைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் பாலேஸ்வரிதான். செல்வனுக்கு இது ஒன்றும் தெரியாது. கலியாணத்துக்கு முதல் வருடமே அவன் கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கொழும்பு, பிறகு கனடா. தனிய இருக்கிற பிள்ளைக்கு வீட்டுச் சண்டையைச் சொல்லக்கூடாது என்பது கமலாவதியின் கொள்கை.

புதன்கிழமை காலையில் சுபாஸ் ஹெட்டைத் திறந்தான். இறுகிக் கிடந்த நட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கி, என்ஜின் தலையைத் தூக்கி நிமிர்ந்தவன், அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“அண்ணை, இஞ்சை வந்து பாருங்கோ. உங்கடை மண்ணெண்ணெய் மணம் தெரியாத கார்!”

ஒரு காஸ்கட். அதற்குக் கீழே ஒரு தகடு. அதற்குக் கீழே இன்னொரு காஸ்கட். நாலு சிலிண்டருக்கும் அமுக்கம் ஒரே அளவாகக் குறைந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கார் மண்ணெண்ணெய்க்கென்று தளர்த்திய வயிற்றோடு பெற்றோலைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மார்க்கண்டுவுக்குக் கோபம் வட்டுக்கோட்டைவரை போனது. ஆனால் சுபாஸ் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

“ஆர் அண்ணை உதை வெட்டினது? கையாலைதான் வெட்டியிருக்கிறாங்கள். ஆனா ஒரு துளைகூட ஒரு மயிரிழை தள்ளேல்லை. இவ்வளவு காலம் ஒரு சொட்டுத் தண்ணி கசியவிடேல்லையே!”

“தா பாப்பம்.”

மார்க்கண்டு அதை வாங்கினார். செம்பு. தடித்த செம்பு. ஒரு பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, சில்லுத் துணியால் கரியைத் தேய்த்தார். கழுவக் கழுவச் செம்பு சிவந்தது. கடைசிச் சிலிண்டர் வட்டத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் ஏதோ சொரசொரத்தது. இன்னும் தேய்த்தார். புள்ளிகள். கூர் உளியால் நெருக்கி நெருக்கி அடித்த புள்ளிகள். பாத்திரம் வாங்கினால் கடையிலேயே அப்படித்தான் பேர் வெட்டிக் கொடுப்பார்கள். சபையில் மாறிப்போகாமல் இருக்க. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாயின. க. ம. லா. அடுத்த எழுத்துப் பாதியில், ஒரு நட்டுத் துளை அதை விழுங்கியிருந்தது.

மார்க்கண்டு பக்கத்தில் கிடந்த ரயரில் இருந்துவிட்டார்.

“என்ன அண்ணை? தலை சுத்துதோ?”

“உது அம்மா” என்றார் மார்க்கண்டு.

சுபாசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மாலையில் செல்வன் போன் எடுத்தபோது மார்க்கண்டு தகட்டைத் திரைக்கு முன்னால் பிடித்தார். கனடாவில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வைபடும் சத்தம் கேட்டது.

“அண்ணை... அந்தக் கார் கறுப்பெல்லோ?”

“நான் வாங்கேக்கை கறுப்புத்தான். வெள்ளை அடிச்சது நான்.”

“ஐயோ, அது போஸ்ற்மாஸ்ரரின்ரை கார்! இடம்பெயர்ந்து வந்து இமையாணனிலை இருந்தவர். என்ரை காருக்கு மண்ணெண்ணெய் விடமாட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச மனிசன். மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிட்டுது. மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறை வழியில்லை. கராஜ் பூட்டிற நேரம் பாத்து வந்து என்ரை கையைப் பிடிச்சார் அண்ணை. தம்பி, விடிய முந்திச் செய்து தா, என்ரை வீட்டிலைகூட ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டார்.”

வட்டுக்கோட்டை மனிசி பொய் சொல்லவில்லை என்பது மார்க்கண்டுவுக்கு அப்போதுதான் விளங்கியது. மண்ணெண்ணெய்ப் புகையோடு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மகள் அவள்தான். நோவில் மணம் எங்கே தெரியப்போகிறது?

“அதுக்கு அம்மாவின்ரை மூடிதானோடா கிடைச்சது?”

“ஊரிலை செம்பு எங்கை அண்ணை கிடந்தது? தகரத்தை வைச்சால் எரிஞ்சு போடும். எனக்குத் தெரிஞ்சு தட்டையா, தடிப்பாக் கிடந்தது அது ஒண்டுதான். பேர் வெட்டின இடத்தை எறிஞ்சிட்டு வெட்டுவம் எண்டு பாத்தனான். தகடு போதேல்லை. பேரிலை ஒரு துளை விழுந்திட்டுது. உளி விழேக்கை அம்மாவின்ரை காலிலை விழுறமாதிரிக் கிடந்தது.” அவன் குரல் தாழ்ந்தது. “புதுசொண்டு வாங்கி வைச்சிட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சன். கிடைக்கேல்லை. பிறகு கப்பல் ஏறிட்டன். அம்மாவும் போனிலை ஒருநாளும் மூடியைப் பற்றிக் கதைக்கேல்லை.”

“கதைச்சவ. உன்னோடை இல்லை.”

மார்க்கண்டு எல்லாவற்றையும் சொன்னார். பலகை, பொங்கல், திவசம், வாயைப் பொத்திச் சிரித்த பெண்கள். அங்கே செல்வன் முகத்தைத் திரையிலிருந்து விலக்கிக்கொண்டான். குளிரறைக்குப் போகும் கனத்த சட்டையின் ஒரு கை மட்டும் தெரிந்தது.

“மச்சாளுக்கு நான் என்னெண்டு முகம் காட்டுவன், அண்ணை?”

“முதல் கார் ஓடட்டும்.”

வியாழக்கிழமை புதுக் காஸ்கட் ஒன்றை மட்டும் வைத்துத் தலையைப் பூட்டினார்கள். செல்வன் சொல்லச் சொல்லச் சுபாஸ் மண்ணெண்ணெய்க்காகப் பின்தள்ளி வைத்திருந்த, பிளக்குகள் நெருப்பு விடும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் வேறு குரலில் பேசியது. மார்க்கண்டு தடி ஒன்றைத் தேடி எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நுனியை என்ஜினிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கொஞ்சநேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

போத்தலைக் கட்டிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். வல்லைவெளி வந்தது. சோளகக் காற்று எதிரே வந்து மோதியது. முந்தியென்றால் இந்த இடத்தில் கார் முனகும். இப்போது பிடித்த பிடியில் போனது. பாலம் வந்தது. பாலம் போனது. சுபாஸ் ஒன்றும் கதைக்கவில்லை. அவன் வாய்க்கு அது பெரிய மரியாதை. கார் ஆவரங்கால் பக்கம் போய்த்தான் இருமியது. மார்க்கண்டு ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்ரியறிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார்.

“ரெண்டு பயணத்துக்கும் போதும் அண்ணை. மிச்சமும் கிடக்கும்” என்றான் சுபாஸ்.

“தகட்டை வைச்சவனே கழட்ட வழியும் சொன்னான், பாத்தியோ” என்றார் மார்க்கண்டு. “கனடாவிலை உவனை மீன் அடுக்க விட்டிருக்கிறாங்கள்.”

வீட்டுக்கு வந்தபோது பாலேஸ்வரி வாசலில் கதிரை போட்டு இருந்தாள். மார்க்கண்டு கையில் ஒரு சாக்குப் பொதி.

“என்ன, கார் ஓடுதோ?”

“ஓடுது. நாளைக்கும் போறம், செவ்வாய்க்கிழமையும் போறம்.”

“அதென்ன சாக்குக்கை?”

மார்க்கண்டு உடனே கொடுக்கவில்லை. தாய் செத்துப் பதின்மூன்று வருடம். செத்தவளின் பிழையை இப்போது அவிழ்த்து வைப்பதா என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டுதான் வந்தார். பிறகு, உயிரோடு இருக்கிறவள் முன்னால் இருக்கிறாள் என்று நினைத்துச் சாக்கை அவிழ்த்து மடியில் வைத்தார். பாலேஸ்வரி நாலு வட்டத் துளையையும் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. விரல் புள்ளிகளில் பட்டது. எழுத்துக் கூட்டினாள்.

“உது எங்கை கிடந்தது?”

“எங்கடை காருக்குள்ளை.”

“ஆர் வைச்சது?”

“செல்வன்.”

அவள் இருந்த இருப்பில் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அது சிரிப்பில்லாமல் போனது. மார்க்கண்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போகவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

“பதினொரு வருசமா இதுக்கு மேலை ஏறித்தான் நான் எல்லாக் கலியாணத்துக்கும் போனனான், என்ன?” என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “செல்வனை எடுங்கோ.”

திரையில் செல்வன் தலையைக் குனிந்துகொண்டு தெரிந்தான்.

“மச்சாள்...”

“டேய் கள்ளா, நிமிர்ந்து பார். நீ வெட்டினது வலு வடிவா இருக்கு. உன்ரை அண்ணர் சொல்லுற புளுகெல்லாம் பொய்யெண்டு நினைச்சனான்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்.”

“மன்னிப்பை வந்து கேள். கிடாரத்திலை பொங்கித் தாறன்.”

மார்க்கண்டு தகட்டைக் கிடாரத்தில் கொண்டுபோய் வைக்க எழும்பினார். பாலேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கள் தொடாதையுங்கோ. இவ்வளவு நாளும் பலகையாலை மூடினது நான். இதையும் நான்தான் மூடுவன். நடந்து போய்.”

புரட்டாதி போனது, ஐப்பசி போனது. கார் கிழமைக்கு இரண்டு தரம் வல்லைவெளியைக் கடந்தது. நிவேதனா முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தினாள். பிறகு ஒரு கம்பியை எடுத்துவிட்டாள். பிறகு ஒரு தடியைக் கையில் கொடுத்தாள். தகடு அதுவரைக்கும் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில், காஸ்கட் தொங்கிய அதே ஆணியில் தொங்கியது.

கார்த்திகை மாத மழை விட்டு விட்டுத் தூறிய ஒரு காலையில் பாலேஸ்வரி ஆணியிலிருந்து அதை எடுத்தாள். வலது கையில் தடி, இடது கக்கத்தில் தகடு. மார்க்கண்டு பின்னாலே கையை விரித்துக்கொண்டு போனார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார். குசினி, பின்வாசல், படி. படியில் நின்று மூச்சு வாங்கினாள். தாழ்வாரத்துத் தண்ணீர் விழும் இடத்தில் கிடாரம் இருந்தது. பலகையைத் தடியால் தள்ளி விழுத்திவிட்டு, தகட்டை அந்தப் பெரிய வாயின் குறுக்கே வைத்தாள். அது மூடியது பாதிகூட இல்லை.

“மாமி, மூடி வந்திட்டுது” என்றாள் பெரிய குரலில், சபைக்குக் கேட்கிற மாதிரி.

தாழ்வாரத்துத் தண்ணீர் நாலு வட்டத் துளைகளாலும் கிடாரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. பாலேஸ்வரி தடியை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள். மார்க்கண்டு உள்ளே போய்க் கதிரை கொண்டுவரவா என்று கேட்டார். வேண்டாம், நிற்கிறேன் என்றாள்.